‘கையேடு சிகிச்சை’ அல்ல, கைவழிச் சிகிச்சை

தோள்வலி, இடுப்புவலி பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் ‘கையேடு சிகிச்சை’ என்று வந்து நிற்கிறது. கையேடு என்றால் கையில் வைத்துப் புரட்டும் சிறுநூல். அதைக் கொண்டு யாருடைய இடுப்புப் பிடிப்பையும் விடுவிக்க முடியாது.

மூலச்சொல் மேனுவல் தெரபி. லத்தீனில் ‘மானுஸ்’ என்றால் கை. கையடக்க நூலுக்கும் ‘மேனுவல்’ என்றே பெயர் அமைந்ததால் அகராதியில் ‘கையேடு’ ஏறியது. மொழிபெயர்ப்பவர் அந்த வரியைத் தாண்டிப் படிக்கவில்லை. சிகிச்சையாளர் தம் கைகளால் தசையையும் மூட்டையும் நீவி, அழுத்தி, இழுத்து, அசைப்பதே இதன் பொருள்.

‘கைமுறை சிகிச்சை’ என்பாரும் உண்டு. பிழையில்லை, ஆனால் கைமுறை என்றதும் இயந்திரம் இல்லாமல் செய்வது என்றுதான் மனம் போகிறது. ‘கைவைத்தியம்’ அறவே ஆகாது. அது இஞ்சி, சுக்கு என வீட்டிலேயே செய்துகொள்ளும் மருந்துக்கு ஆகிவந்த சொல். சிகிச்சை எதன் வழியாக நடக்கிறது என்று காட்டும் ‘கைவழிச் சிகிச்சை’யே என் தேர்வு.

மசாஜுக்குப் புதுச்சொல் தேடி அலைவதும் வீண். சித்த மருத்துவத்தில் தொக்கணம் இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என 9 வகையாகக் கைவினையைப் பிரித்து வைத்த மொழி இது. இதை வைத்துக்கொண்டு, ‘சாஃப்ட் டிஷ்யூ வொர்க்’ என்பதை ‘மென்மையான திசு வேலை’ என்று எழுத எப்படி மனம் வருகிறது?

இவற்றைவிடக் கெடுதலானது மானிபுலேஷனுக்கு வழங்கும் ‘கையாளுதல்’. கோப்புகளையும் பணத்தையும் கையாளலாம். முதுகெலும்பைக் கையாள்வது என்றால் படிப்பவருக்கு என்ன புரியும்? மொபிலைசேஷனுக்கும் சிலர் இதையே போடுகிறார்கள். இரண்டும் வேறு. மொபிலைசேஷனில் மூட்டை மெதுவாக, தாளகதியில், திரும்பத் திரும்ப அசைப்பார்கள். அதில் 4 படிகள்: வலி மிகுந்திருந்தால் 1, 2, இறுக்கம் மிகுந்திருந்தால் 3, 4. நோயாளி ‘போதும்’ என்றால் அந்த நொடியே நிறுத்தலாம். மானிபுலேஷன் அப்படியல்ல. அசைவின் எல்லையில் கொடுக்கும் சிறிய, மிக வேகமான ஒரே உந்தல் அது. தொடங்கியபின் தடுக்க நேரமிராது.

மொபிலைசேஷனை ‘மூட்டசைப்பு’ என்றும் மானிபுலேஷனை ‘மூட்டுந்தல்’ என்றும் எழுதலாம். ‘சொடக்கு எடுத்தல்’ வழக்கில் உள்ளதே என்பார்கள். அது ஓசைக்குப் பெயர், செயலுக்கு அல்ல. மூட்டுநீரில் வாயுக்குழி உருவாகும்போது எழுவது அந்த ஓசை. விலகிய எலும்பு இடத்தில் போய் அமர்ந்த ஓசையன்று. ஓசை வராமலும் உந்தல் நடக்கும். சொடக்கு என்றே பெயரிட்டால், சத்தம் கேட்கும்வரை திரும்பத் திரும்ப முறுக்கச் சொல்வார்கள்.

எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை உள்ளவருக்கும், முறிவு இருக்கலாம் என்று ஐயமுள்ளவருக்கும் மூட்டுந்தல் கூடாது. கழுத்தில் உந்தியபின் தமனிச்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த அரிதான நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. ஒப்புதல் படிவத்தில் ‘கழுத்தைக் கையாளுதல்’ என்றிருந்தால் தடவிவிடுவார்கள் என்று எண்ணித்தான் கையெழுத்திடுவார்கள். ‘கழுத்தில் மூட்டுந்தல்: ஒரே வேகமான தள்ளல்’ என்றிருந்தால், வேண்டாம், அசைப்பு மட்டும் போதும் என்று சொல்ல அவர்களுக்கு வழியிருக்கும்.