டயாபிராம் கிழிந்து காஸ்டிக் தெறித்தால் இஎஸ்ஐயில் என்ன செய்வது?

பால் பிளான்ட்டில் குழாய்களைக் கழுவச் சூடான காஸ்டிக் சோடா கரைசல் ஓடும். அந்தக் குழாய்களின் வால்வுகளில் வழியை அடைத்துத் திறக்கும் ரப்பர் சவ்வுதான் டயாபிராம். அது இபிடிஎம் என்ற ரப்பராக இருந்தால் தாங்கும். ஸ்டோரில் கிடக்கிறதே என்று சாதாரண வைட்டான் என்ற வேறு வகை ரப்பரை மாட்டினால் நாளடைவில் இறுகி வெடிப்பு விட்டுவிடும். இரண்டும் பெரும்பாலும் கறுப்பு, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கிழிகிற அன்று பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் காண்ட்ராக்ட் ஆள்தான்.

பட்ட இடத்தை உடனே தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் (ஓவர்டைம் சேராது) சேர்ந்த முதல் நாளிலிருந்தே விபத்துக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். பார்வையோ கையோ நிரந்தரமாகப் பாதித்தால், மருத்துவ வாரியம் போடும் சதவீதப்படி ஆயுளுக்கும் பணம் வரும்.

காகிதத்தில் இவ்வளவுதான். நடப்பது வேறு. கம்பெனி வண்டியிலேயே தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போவார்கள். "பில்லை நாங்க பார்த்துக்கிறோம், இஎஸ்ஐ எல்லாம் எதுக்கு?" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் விபத்துப் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறியிருக்காது, இஎஸ்ஐக்கு அனுப்ப வேண்டிய விபத்து அறிக்கையான படிவம் 12 போயிருக்காது. அப்படி நம்பிய ஒருவர் மூன்று மாதம் கழித்துக் கண் மங்கி இஎஸ்ஐ கிளை அலுவலகம் போனார். விபத்து அறிக்கை எங்கே என்றார்கள். கம்பெனி காண்ட்ராக்டரைக் கைகாட்டியது, காண்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. அவர் நடந்த நடைக்குக் கணக்கே இல்லை.

அதனால் அன்றே, முடியாவிட்டால் மறுநாள், எப்படி நடந்தது என்று எழுதி நிர்வாகத்திடம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபால். தனியாரில் சேர்த்திருந்தாலும் அந்தச் சீட்டுகளோடு சீக்கிரமே இஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குப் போய்விடுங்கள்.

அங்கே தரும் சான்றிதழில் வேலை விபத்து என்று இருக்கிறதா பாருங்கள். வெறும் நோய் என்று எழுதிவிட்டால் 70 சதவீதம்தான், அதற்கும் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

"கண்ணாடி போடாதது உன் தப்பு" என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். உத்தரவை மீறியிருந்தாலும், முதலாளியின் வேலையாகத்தான் அதைச் செய்தீர்கள் என்றால் அது வேலை விபத்துதான்.

காண்ட்ராக்டர் உங்களை இஎஸ்ஐயில் பதிவே செய்யவில்லையா? பொறுப்பு பிரதான கம்பெனிக்கு. இஎஸ்ஐ உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவர்களிடம் வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. கவுன்டரில் இதைச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் மனுவில் கேட்க வேண்டும். சில இடங்களில் அடிபட்ட அன்று மாலையே அவசரமாகப் பதிவு செய்வார்கள். தேதியைப் பார்த்து அலுவலகம் சந்தேகப்படும், விசாரணை என்று மாதக்கணக்கில் இழுக்கும். கேட் பாஸ், சம்பளம் ஏறிய பாஸ்புக் பக்கம், ஷிப்ட் வாட்ஸ்அப் செய்தி எல்லாம் அப்போதுதான் உதவும்.

கிழிந்த டயாபிராமைக் குப்பையில் போடுவதற்குள் படம் எடுத்து வையுங்கள். ரப்பரில் பொருளின் பெயர் பொறித்திருந்தால் அதையும் சேர்த்து. இஎஸ்ஐக்கு இது தேவையில்லை, கம்பெனியின் தப்பை நீங்கள் அங்கே நிரூபிக்க வேண்டியதும் இல்லை. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் தனியாகப் புகார் கொடுக்கும்போது இணைக்கலாம்.