ஏற்காடு இறக்கத்தில் சைலன்சர் வெடிக்கிறதா? கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரம் வருவதற்குள் பழைய மாருதி 800, ஆம்னி, அம்பாசிடர், பத்மினி வண்டிகளில் பல, சைலன்சரில் ‘பட் பட்’ என்று வெடிக்கும். ‘பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்’ என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். மற்றவர்கள் ஷெட்டில் நிறுத்தியதுமே கார்புரேட்டரைக் கழற்றச் சொல்கிறார்கள். இரண்டுமே செலவில் கொண்டுபோய் விடும். சத்தம் எப்போது வருகிறது, முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று கவனித்துச் சொன்னாலே கோளாறு இருக்கும் இடம் பாதி தெரிந்துவிடும்.

சிலிண்டருக்குள் எரியாமல் தப்பிய பெட்ரோல், சூடான எக்ஸாஸ்டில் காற்றோடு சேர்ந்து பற்றுவதுதான் பின்பக்க வெடி. அப்படியென்றால் கேள்வி இரண்டுதான்: பெட்ரோல் ஏன் எரியவில்லை? காற்று எங்கிருந்து வந்தது?

இறக்கத்தில் இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை விட்டதும் காற்றுக் கதவான த்ராட்டில் மூடிக்கொள்கிறது. சிலிண்டருக்குப் போகும் புதுக் கலவை குறைகிறது. அதோடு மிஞ்சிய புகையும் கலப்பதால் பொறி விழுந்தாலும் சரியாகப் பற்றுவதில்லை. ஆகவே கார்புரேட்டர் வண்டியில் லேசான பொரியல் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். துப்பாக்கி மாதிரி வெடித்தால் முதலில் பார்க்க வேண்டியது, வெளிக்காற்று உள்ளே நுழையக்கூடிய எக்ஸாஸ்ட் ஜாயின்ட். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவர் கனமான ஈரத்துணியால் சைலன்சர் வாயைச் சில நொடி அழுத்திப் பிடிக்கட்டும். ஓட்டை இருக்கும் இடத்தில் ‘புஸ் புஸ்’ என்று கேட்கும். சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை கிளம்பும். எஞ்சினோடு சேரும் எக்ஸாஸ்ட் குழாயான மேனிஃபோல்டின் பேக்கிங் போயிருந்தால் அந்தப் புகைத் துளையின் ஓரத்தில் விசிறி விரித்தது போலக் கரி படிந்திருக்கும். புதுப் பேக்கிங் போடுமுன் மேனிஃபோல்டு முகத்தில் நேர்ஸ்கேல் வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் லேத்தில் ஃபேஸிங் செய்யாமல் எத்தனை பேக்கிங் மாற்றினாலும் நிற்காது. நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்க வேண்டும். ஒருமுறை நன்றாகச் சூடேறி ஆறியபின் மறுபடியும் இறுக்க வேண்டும். இந்த இரண்டாம் இறுக்கலைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

ஏற்றத்தில் மிதிக்கும்போது வெடித்தால் கரண்ட் பக்கம் வாருங்கள். பிளக்கைக் கழற்றினால் நுனி வெளிர் பழுப்பாக இருக்க வேண்டும். ஒரு பிளக் மட்டும் ஈரமாகவோ கறுப்பாகவோ இருந்தால் அந்தச் சிலிண்டர்தான் மிஸ் ஆகிறது. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துவிடும் டெல்கோவின் (டிஸ்ட்ரிபியூட்டர்) மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் பென்சில் கோடு போல மெல்லிய கருங்கோடு தெரியலாம். அந்த விரிசல் வழியாகத்தான் கரண்ட் வேறு சிலிண்டருக்குத் தாவுகிறது. துடைத்தால் போகாது, மூடியையே மாற்ற வேண்டும். இருட்டில் பானெட்டைத் திறந்து எஞ்சின் ஓடும்போது பிளக் வயர்கள் மேல் தண்ணீரைப் பனிபோலத் தெளித்தால் கசிகிற வயரில் நீலப் பொறி பறப்பது தெரியும். கையை மட்டும் தள்ளி வைத்திருங்கள்.

டெல்கோவுக்குள் பாயிண்ட் (கரண்டை வெட்டி வெட்டி விடும் தொடுமுனை) உள்ள வண்டிகளில் அதன் இடைவெளி பொதுவாக 0.4 மி.மீ. முகம் நீலம் பாய்ந்து குழி விழுந்திருந்தால் கண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும், அதாவது பொறி விழும் நேரமும், மாறும். அதனால் முதலில் பாயிண்ட், பிறகுதான் டைமிங் லைட். டைமிங் ரிட்டார்டு ஆகி, பொறி தாமதமாக விழுந்தால் எரிந்து முடியாத கலவை வெளியே வந்து மேனிஃபோல்டையே பழுக்க வைக்கும். சர்வீஸுக்குப் பின் திடீரென்று வெடிக்கத் தொடங்கினால் பிளக் வயர்கள் மாறியிருக்கும்: மாருதி 800, ஆம்னிக்குச் சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை 1-3-2, அம்பாசிடர், பத்மினிக்கு 1-3-4-2.

கரண்ட் சரியாக இருந்தும் ஒரே சிலிண்டர் தொல்லை தந்தால் டாப்பெட் (வால்வு இடைவெளி) பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் மாருதி 800-க்குச் சுமார் 0.15 மி.மீ., பழைய 1,500 சி.சி. பெட்ரோல் அம்பாசிடருக்குச் சுமார் 0.38. இறுகிப்போன டாப்பெட் வால்வை முழுதாக மூட விடாது. நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துவிடும். எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துக் கம்ப்ரஷன் எடுங்கள். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிடக் கால்வாசிக்கு மேல் குறைந்தால், அதில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

சத்தம் முன்னால், ஏர் கிளீனர் பக்கம் தும்மலாக வந்தால் பெரும்பாலும் கலவை லீன், அதாவது பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் குழாய், கார்புரேட்டர் அடிப் பேக்கிங் இரண்டையும் பாருங்கள். குழாய்களை ஒவ்வொன்றாகப் பிளையரால் மெதுவாக நெரித்தால், கசியும் குழாயில் ஐட்லிங் மாறும். அடுத்து, மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் பீச்சும் ஆக்சிலேட்டர் பம்ப். எஞ்சினை நிறுத்தி, ஏர் கிளீனரைக் கழற்றி, த்ராட்டிலைக் கையால் திறந்தால் அந்தக் கணமே பெட்ரோல் மெல்லிய கம்பியாகப் பீச்ச வேண்டும். தாமதித்தாலோ சொட்டினாலோ பம்பின் ரப்பர் சவ்வான டயஃப்ரம் போயிருக்கிறது.

இங்கே இரண்டு விஷயங்கள் சேர்ந்து குழப்பும். சுத்தப் பெட்ரோல் 1 கிலோ எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5 போதும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பழைய ஜெட் அதை அறியாது, அதனால் கலவை தானாகவே லீன் ஆகிவிடுகிறது. பழைய ரப்பர் குழாயையும் டயஃப்ரத்தையும் எத்தனால் கெடுக்கவும் செய்யும். ஏற்காடோ சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்று அடர்த்தி குறைவு, கலவை ரிச்சாகும், அதாவது பெட்ரோல் பங்கு கூடிவிடும். மலை மேல் வைத்துக் கலவை ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்த வண்டி, கீழே சேலம் அஸ்தம்பட்டி வந்ததும் தும்மும். சேலத்தில் ஓடும் வண்டியைச் சேலத்திலேயே, எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் டியூன் செய்யுங்கள். வேக்குவம் கேஜ் சேலத்தில் ஐட்லிங்கில் 18 அங்குலம் காட்டும் நல்ல எஞ்சின் ஏற்காட்டில் 14 காட்டும். அதைக் கோளாறு என்று நினைத்து எஞ்சினைப் பிரிக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம்: பெட்ரோல் மிச்சம் பிடிக்க, மலை இறங்கும்போது சாவியை ஆஃப் செய்யாதீர்கள். கியரில் சுழலும் எஞ்சின் எரியாத பெட்ரோலைச் சைலன்சர் முழுக்க நிரப்பும். மறுபடி சாவியைத் திருப்பியதும் ஒரே வெடி, சைலன்சர் தையல் பிளந்துவிடும். நியூட்ரலில் நிறுத்தினால் இன்னும் ஆபத்து: எஞ்சின் பிரேக்கும் இல்லை, பூஸ்டரில் மிஞ்சிய வேக்குவம் சில மிதியில் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், சாவி பின்னால் போனால் ஸ்டியரிங் லாக் விழும். மிஸ் ஆகும் வண்டியில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்தால் அது பழுத்து உள்ளே தேன்கூடு உருகும். மார்ச், ஏப்ரலில் காய்ந்த புல்மேல் அப்படிப்பட்ட வண்டியை நிறுத்துவது காட்டுக்கே தீ வைப்பதாகிவிடலாம்.

வேலை முடிந்ததும் புகைப் பரிசோதனைச் சீட்டைப் படித்துப் பாருங்கள். பி.எஸ்.2 (பாரத் ஸ்டேஜ் 2) புகை விதிக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு வரம்பு கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம். முதலாவது அதிகமென்றால் கலவை ரிச். முதலாவது குறைந்து இரண்டாவது எகிறினால் மிஸ் ஃபயர்: ஒன்று கரண்ட், இல்லையேல் லீன். ஓட்டை சைலன்சர் வெளிக்காற்றை உள்ளே இழுத்து இரண்டு எண்களையுமே குறைத்துக் காட்டும். அதனால் ஜாயின்ட்டுகளை அடைத்த பிறகே பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.