இறங்குவரம்பு: நியூசிலாந்து மன்றங்களின் ஒரு சூதாட்டக் கொள்கைச் சொல்

நியூசிலாந்தின் நகர, மாவட்ட மன்றங்கள் சூதாட்ட எந்திரங்களைக் குறித்து வகுக்கும் கொள்கைகளில் ‘சிங்கிங் லிட்’ (sinking lid; நேர்ப்பொருள் ‘மூழ்கும் மூடி’) என்னும் தொடர் அடிக்கடி இடம்பெறும். மன்றத்தின் எல்லைக்குள் புதிய எந்திரக் கூடம் எதற்கும் இனி இசைவு தரப்படாது என்பதும், இருக்கும் கூடம் ஒன்று மூடப்பட்டால் அதற்கு ஈடாக வேறொன்று திறக்கப்படாது என்பதும் இதன் பொருள். ஆக்லாந்து, கிறைஸ்ட்சர்ச் உள்ளிட்ட பல மன்றங்கள் இக்கொள்கையைக் கைக்கொண்டுள்ளன.

இத்தொடர் சூதாட்டத்துக்கென்று உருவானதன்று. அரசுப் பணியிலிருந்து விலகுவோரின் இடங்களை நிரப்பாமல் விட்டே ஊழியர் தொகையைக் குறைக்கும் நடைமுறைக்கு அந்நாட்டில் முன்பே வழங்கிய பெயர் இது. இங்கே மூடி என்பது கலத்தின் வாயில் நிலையாக நிற்பதன்று. உள்ளிருக்கும் பண்டத்தின் மேலேயே அமர்ந்து, பண்டம் குறையக் குறையத் தானும் கீழிறங்கி, பிறகு மேலேறாமல் நிற்பது.

சூதாட்ட எந்திரங்களுக்கு இந்தப் பெயர் இவ்வளவு பொருந்துவதற்குக் காரணம், மன்றங்களுக்குச் சட்டம் அளந்து கொடுத்த அதிகாரம்தான். 2003ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம், கேசினோக்களுக்கு வெளியே மதுக்கூடங்களிலும் மனமகிழ் மன்றங்களிலும் வைக்கப்படும் எந்திரங்களை (மக்கள் பேச்சில் ‘போக்கி’) நான்காம் வகுப்புச் சூதாட்டம் என்று வகைப்படுத்துகிறது. இவற்றுக்கு உரிமம் வழங்குவது நடுவணரசின் உள்நாட்டு அலுவல்கள் துறை; ஆனால் புதிய கூடம் தொடங்கவோ, ஆறு மாதங்களுக்கு மேல் உரிமமின்றிக் கிடந்த இடத்தில் மீண்டும் எந்திரம் வைக்கவோ உள்ளூர் மன்றத்தின் இசைவு வேண்டும். எங்கெங்கே கூடம் அமையலாம், எத்தனை எந்திரம் வைக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு மன்றமும் தன் பகுதியில் சூதாட்டம் விளைவிக்கும் சமூகத் தாக்கத்தைக் கருதி, மக்கள் கருத்தைக் கேட்டு, கொள்கை வகுக்க வேண்டும். அதை மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யவும் வேண்டும். மன்றத்தின் அதிகாரம் அவ்வளவே. முறையான உரிமத்துடன் நடந்துகொண்டிருக்கும் கூடத்தைக் கொள்கையைக் காட்டி மூடச் சொல்ல அதனால் இயலாது. மூடியை அழுத்தும் உரிமை இல்லாதவர்கள், அது மேலே எழாமல் பார்த்துக்கொள்ளும் உரிமையை மட்டும் முழுமையாகப் பயன்படுத்தியதன் விளைவே இக்கொள்கை.

அச்சட்டம் ‘தீங்கு’ என்பதற்குத் தரும் வரையறையும் கவனத்துக்குரியது. ஒருவரின் சூதாட்டத்தால் தோன்றுகிற அல்லது மோசமாகிற எவ்வகைத் துன்பமும் தீங்கே. ஆடுபவருக்கு மட்டுமன்றி வாழ்க்கைத்துணைக்கும், குடும்பத்துக்கும், மாவோரி மக்கள் ‘ஃபானௌ’ என்றழைக்கும் விரிந்த சுற்றத்துக்கும், பணியிடத்துக்கும், சமூகத்துக்கும் நேர்வது அதில் அடங்கும். இந்த அகன்ற வரையறை இருப்பதால்தான், வசதி குறைந்த புறநகர்களில் கூடங்கள் செறிந்திருப்பதை ஒரு மன்றம் தன் கொள்கைக்குரிய காரணமாகக் காட்ட முடிகிறது. எதிர்த்தரப்பின் வாதமும் வலுவற்றதன்று: எந்திரங்களை நடத்தும் இலாப நோக்கற்ற சங்கங்கள் வருவாயில் 40 விழுக்காட்டையேனும் விளையாட்டு, கல்வி முதலிய பொதுப்பணிகளுக்குத் தர வேண்டும் என்பதால், எந்திரம் குறைந்தால் ஊர்ச்சங்கங்களின் நிதியும் குறையும் என்கிறார்கள். அந்த நிதி யாருடைய பையிலிருந்து வருகிறது என்பதை அவர்கள் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை.

2003இல் நாடு முழுவதும் 25,000க்கு மேலிருந்த எந்திரங்கள் பின்னர் 15,000க்கும் கீழே வந்துவிட்டன. ஆனால் அவற்றில் மக்கள் இழக்கும் பணம், விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் கொள்ளாமல் பார்த்தால், ஆண்டுக்கு நூறு கோடி டாலர் அளவிலேயே நிற்கிறது. எண்ணிக்கை இறங்கும் வேகத்தில் இழப்பு இறங்கவில்லை. கைப்பேசி வழியே நடக்கும் சூதாட்டமோ மன்றக் கொள்கையின் எல்லைக்குள் வருவதே இல்லை.

இனித் தமிழாக்கம். ‘மூழ்கும் மூடி’ என்று நேராகப் பெயர்த்தால் நீரில் எதுவோ அமிழ்வதாகவே தோன்றும். ‘உச்சவரம்பு’ நமக்கு நன்கு பழகிய சொல். நில உச்சவரம்புச் சட்டம் அதை ஊர்தோறும் கொண்டு சேர்த்தது. ஆயினும் தமிழ்நாட்டில் 30 தர ஏக்கராக இருந்த அந்த உச்சவரம்பு 15 ஆனது 1970இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தால். இங்கே பேசப்படும் வரம்போ ஒவ்வொரு கூடம் மூடப்படும்போதும் எவரும் திருத்தாமலே தாழ்கிறது. ஆகவே ‘இறங்குவரம்பு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். இறங்குவரிசை, இறங்குமுகம் என்பவற்றின் சாயலில் அமைந்த வினைத்தொகை இது. இறங்கிய, இறங்குகின்ற, இறங்கும் என முக்காலத்தையும் ஒருசேரத் தாங்கும். எந்திரங்களின் தொகைக்கு ஓர் எண்ணை நிலையாக வைத்து, ஒன்று போன இடத்தில் மற்றொன்று வர இடந்தரும் மன்றங்களும் உண்டு. அவற்றின் கொள்கையை உச்சவரம்பு என்றே குறிக்கலாம். இறங்குவரம்பு என்பது பொருந்தாது.