ஆறாவது விரலும் கருவாட்டு வாசமும்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் வயிற்றுப் பேரனுக்கு வலது கையில் இரண்டு கட்டைவிரல். மகள் ஐந்தாம் மாதத்தில் இருந்தபோது கிரகணத்தன்று அரிவாள்மனையில் காய் நறுக்கினாளாம். சம்பந்தி வீட்டில் அதையே குத்திக் காட்டுகிறார்களாம். “நெசமாவே அதனாலதானா அய்யா?” என்று கேட்கிறார்.

இல்லைம்மா. ஏன் இல்லை என்பதற்குக் கோழிமுட்டை வழியாகத்தான் போக வேண்டும்.

மதுரையில் நான் விலங்கியல் படித்தபோது 24 மணி, 48 மணி, 72 மணிக் கோழிக்கரு என்று ரெக்கார்டு நோட்டில் வரைந்து தள்ளினோம். ஸ்லைடைப் பார்த்து அல்ல, சீனியர் நோட்டைப் பார்த்து. மூன்று வருடத்தில் ஒரு முட்டையைக்கூட உடைத்துப் பார்க்கவில்லை. அடையில் மூன்று நாள் இருந்த முட்டையின் ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டிப் பார்த்தால், துடிக்கும் இதயத்துக்குப் பக்கத்தில் மிளகைவிடச் சிறிய மேடு ஒன்று தெரியும். அதுதான் இறக்கை மொட்டு. குழந்தையின் கையும் இப்படித்தான் தொடங்குகிறது.

மொட்டு நீளமாக வளர அதன் நுனி விளிம்பிலிருந்து ஒரு சமிக்ஞை வருகிறது. 1948-ல் ஜான் சாண்டர்ஸ் என்ற ஆய்வாளர் கோழிக்கருவில் அந்த விளிம்பை வெட்டி எடுத்தார். இறக்கை பாதியோடு நின்றது. சரி, அது இருக்கட்டும். எனக்கு ஆசையான விஷயம் குறுக்குவாட்டுக் கணக்கு: ஒரே மாதிரி இருக்கும் செல்களில் எது கட்டைவிரல், எது சுண்டுவிரல் என்று யார் சொல்வது?

தெருக்கோடி வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள் என்று வையுங்கள். அடுத்த வீட்டுக்காரர் மூக்கைப் பொத்துவார். நாலு வீடு தள்ளி இருப்பவருக்குப் பசிக்கும். தெருவின் மறுகோடியில் ஒன்றும் தெரியாது. வாசத்தை வைத்தே தன் வீடு எத்தனையாவது என்று கணக்குப் போடலாம். மொட்டில் கருவாடு வறுபடுவது சுண்டுவிரல் பக்க ஓரத்தில். அங்குள்ள சில செல்கள் ஒரு புரதத்தைக் கசியவிடுகின்றன. அது எவ்வளவு வந்தது, எவ்வளவு நேரம் வந்தது என்பதைப் பொறுத்து மற்ற செல்கள் தாம் எந்த விரல் என்று முடிவு செய்கின்றன.

இப்போது தெருவின் மறுகோடியிலும் ஒருவர் கருவாடு வறுத்தால்? 1968-ல் சாண்டர்ஸும் மேரி கேஸலிங்கும் வெளியிட்ட பரிசோதனை இதுதான். ஒரு மொட்டின் வால் பக்கத்து ஓரத்தை, அதாவது சுண்டுவிரல் பக்கத்தை, துளி கிள்ளி இன்னொரு மொட்டின் தலைப் பக்கத்தில் ஒட்டினார்கள். கோழி இறக்கையில் மூன்று விரல். அவற்றை 2, 3, 4 என்று எண்ணுவது வழக்கம். ஒட்டுப்போட்ட இறக்கையில் 4, 3, 2, 2, 3, 4 என்று விரல்கள் வரும். கண்ணாடியில் பார்த்த மாதிரி! வாசம் குறைந்த நடுத்தெருவில் 2, இரண்டு கோடியிலும் 4. இதற்குத் தேவைப்பட்டது முட்டை, நுண்ணிய ஊசி, மைக்ரோஸ்கோப், நடுங்காத கை. ஏசி அரங்கம் கட்டப் பணம் தேடும் கல்லூரிகள், அடைகாக்கும் பெட்டி ஒன்று கேட்டால் “இதனால் என்ன லாபம்?” என்கின்றன.

கசிவது என்ன என்பது 1993-ல் தெரிந்தது. கிளிஃப் டேபினின் ஆய்வகம் கண்ட அந்தப் புரதத்தின் பெயர் சானிக் ஹெட்ஜ்ஹாக். வீடியோ கேமில் ஓடும் நீல முள்ளெலியின் பெயரேதான். அதன் மரபணுவை மொட்டில் எங்கே இயக்குவது என்று சொல்லும் சுவிட்ச், டி.என்.ஏ.வில் பத்து லட்சம் எழுத்து தள்ளி, வேறொரு மரபணுவுக்குள் ஒளிந்திருக்கிறது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் போதும், கட்டைவிரல் பக்கமும் கருவாடு வறுபடத் தொடங்கிவிடும். பறவைக் கடைகளில் பஞ்சுபோல் உட்கார்ந்திருக்கும் சில்க்கி கோழியின் காலை எண்ணிப் பாருங்கள். நாட்டுக்கோழிக்கு நாலு விரல், அதற்கு ஐந்து. காரணம் இதே சுவிட்ச்தான்.

மனிதக் கருவில் கை மொட்டு நான்காவது வாரத்தில் தோன்றும். எட்டாவது வாரம் முடியும்போது விரல்கள் பிரிந்திருக்கும். உங்கள் மகள் அரிவாள்மனையைத் தொடுவதற்கு இரண்டு மாதம் முன்பே அந்த இரண்டு கட்டைவிரலும் ரெடி. எல்லா ஆறாவது விரலுக்கும் இந்தச் சுவிட்சே காரணம் என்று சொல்ல முடியாது. வேறு மரபணுக்களும் உண்டு. பையனைக் கை அறுவை நிபுணரிடம் காட்டுங்கள். அப்புறம், உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: சம்பந்தியின் அண்ணனுக்கும் இப்படித்தானாம், அதே கட்டைவிரல் பக்கம். கிரகணப் பேச்சு அடுத்த முறை வரும்போது அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.