தெளுவும் கள்ளும்: ஆட்டிசத்தில் ஹார்மோன்களின் பங்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஏழு வயது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றிவிட்டு, சக்கரம் ஓடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருப்பான். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிடுவான். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்று அவன் அம்மா என்னிடம் கேட்டார்: "மாசமா இருக்கீல ஆகாதது எதையாச்சும் தின்னுபோட்டனுங்களாண்ணா?" அன்னாசி தின்றதால்தான் இப்படி என்று மாமியார் தினமும் சொல்கிறாராம்.

அன்னாசியால் ஆட்டிசம் வராது. ஆனால் கருவறையில் என்ன நடக்கிறது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விஞ்ஞானம் தேடும் பதில்களில் ஒன்று ஸ்டீராய்டு ஹார்மோன்கள்.

ஸ்டீராய்டு என்றால் ஜிம்மில் போடும் ஊசிதான் பலருக்கு நினைவு வரும். உண்மையில் நம் எல்லோர் உடம்பும் அதைத் தயாரிக்கிறது, கொலஸ்ட்ராலில் இருந்து. எங்கள் சித்தூர் தாலுகாக்காரருக்கு இது எளிதில் புரியும். பனை, தென்னையின் பாளையில் இருந்து சொட்டுவது ஒரே சாறு. அதைப் பிடிக்கும் மண்கலயமான முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது தெளுவு, அதாவது பதநீர். தடவாமல் விட்டால் புளித்துக் கள். தெளுவைக் காய்ச்சினால் கருப்பட்டி. அதுபோல கொலஸ்ட்ரால் முதலில் பிரெக்னெனலோன் ஆகிறது. அப்புறம் எந்த நொதி அதன் மேல் வேலை செய்கிறதோ, அதைப் பொறுத்து புரோஜெஸ்டிரோன், கார்டிசால், டெஸ்டோஸ்டிரோன் என்று பிரிகிறது. டெஸ்டோஸ்டிரோன் மேல் அரோமட்டேஸ் என்ற நொதி வேலை செய்தால் ஈஸ்ட்ரோஜன் கிடைக்கும். ஆண் ஹார்மோன், பெண் ஹார்மோன் என்று நாம் பிரித்துப் பேசினாலும், ஒன்றில் இருந்துதான் இன்னொன்று வருகிறது.

இவை கொழுப்பில் கரைபவை. அதனால் செல்லின் சவ்வைச் சுலபமாகக் கடந்து உள்ளே போய், ஏற்பி என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு, உட்கருவில் உள்ள மரபணுக்களில் சிலவற்றை இயக்கும், சிலவற்றை அடக்கும். ஆண் சிசுவின் விரை சுமார் எட்டாவது வாரத்திலேயே டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்குகிறது. மூளை உருவாகிக்கொண்டிருக்கும் காலமும் அதுதான். ஆட்டிசம் ஆண் பிள்ளைகளிடம் மூன்று நான்கு மடங்கு அதிகமாகக் கண்டறியப்படுவதால், ஆய்வாளர்களின் கண் இந்தப் பக்கம் திரும்பியது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆட்டிசம் ஆய்வாளர் சைமன் பாரன்-கோஹனின் குழு டென்மார்க்கில் சேமித்து வைத்திருந்த பனிக்குட நீரை எடுத்துச் சோதித்தது. பிற்பாடு ஆட்டிசம் என்று கண்டறியப்பட்ட 128 ஆண் பிள்ளைகளின் மாதிரிகளை, அப்படி இல்லாத 217 பேரின் மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். 2015-இல் வெளியான முடிவு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. டெஸ்டோஸ்டிரோன் மட்டும் கூடியிருக்கவில்லை. புரோஜெஸ்டிரோன், கார்டிசால் உட்பட அந்த வரிசையே சராசரியில் சற்று உயர்ந்திருந்தது. ஒரு முட்டியில் மட்டும் நிறையாமல், பாளையே கூடுதலாகச் சுரந்ததுபோல. 2019-இல் அதே குழு பார்த்தபோது ஈஸ்ட்ரோஜன்களும் கூடியிருந்தன. அதிலும் எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜனின் தொடர்பு டெஸ்டோஸ்டிரோனை விட வலுவாக இருந்தது. தொப்புள்கொடி ரத்தத்தில் அளந்த ஆய்வுகளில் இப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த ரத்தம் எடுப்பது பிரசவத்தின்போது. பனிக்குட நீரோ அதற்குப் பல மாதம் முந்தையது.

மூளையை இந்த ஹார்மோன் என்னதான் செய்கிறது? 2022-இல் மூளை வளர்ச்சியை ஆராயும் விஞ்ஞானி மேடலின் லங்காஸ்டரின் ஆய்வகம், மனித ஸ்டெம் செல்லில் இருந்து வளர்த்த கடுகளவு மூளைத் திசுவுக்கு ஆண்ட்ரோஜன் (டெஸ்டோஸ்டிரோன் வகை ஹார்மோன்) கொடுத்துப் பார்த்தது. தூண்டும் நரம்புசெல்களை உண்டாக்கும் மூலசெல்கள் பெருகின. தூண்டுதலுக்கும் அடக்குதலுக்கும் உள்ள சமநிலை ஆட்டிசத்தில் மாறியிருக்கலாம் என்று ஏற்கெனவே பேசப்படுவதால், இது முக்கியமான துப்பு.

நஞ்சுக்கொடியும் வெறும் பை இல்லை. அலோபிரெக்னெனலோன் என்ற ஸ்டீராய்டை அது சிசுவுக்குத் தருகிறது. எலியின் நஞ்சுக்கொடியில் மட்டும் இதை நிறுத்தியபோது, ஆண் குட்டிகளின் சிறுமூளையும் பழகும் விதமும் மாறின. கர்ப்பத்தின் பிற்பகுதியில் ஒரே ஒரு டோஸ் கொடுத்ததும் மாற்றங்கள் குறைந்தன. இது 2021-இல் வந்த முடிவு. எலியில்தான், சரி. ஆனாலும் ஹார்மோன் கூடினாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு என்று அது காட்டுகிறது.

இதையெல்லாம் அரைகுறையாகப் படித்துவிட்டு, டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் ஊசியை ஆட்டிசக் குழந்தைகளுக்குப் போட்டவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். அப்படிப் போட்ட ஒரு டாக்டரின் உரிமத்தை 2011-இல் மேரிலாந்து மாநிலம் நிறுத்தி வைத்தது. கருவில் நடந்ததைப் பிறந்த பிறகு ஊசியால் திருப்ப முடியும் என்பதற்கு ஆதாரமே கிடையாது. எல்லையின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, யாராவது "ஹார்மோன் வைத்தியம்" என்று ஆசை காட்டினால் தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள்.

பையனின் அம்மா போன வாரம் இன்னொன்று கேட்டார். அடுத்த குழந்தைக்குப் பனிக்குட நீரை முன்கூட்டியே சோதித்துப் பார்க்கலாமா? முடியாது என்றேன். டென்மார்க்கில் தெரிந்தது கூட்டத்தின் சராசரி. ஆட்டிசம் உள்ள எத்தனையோ பிள்ளைகளின் அளவு மற்றவர்களுடையதைப் போலவே இருந்தது. அளவு கூடியிருந்தும் ஆட்டிசம் வராதவர்களும் உண்டு. ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கு மிகப் பெரியது. ஹார்மோன் அதோடு சேர்ந்து வேலை செய்யும் ஒரு கை. அந்த ஹார்மோனும் சிசு, நஞ்சுக்கொடி, தாய் என மூன்று இடத்தில் இருந்தும் வரக்கூடியது. அவர் என்ன தின்றார் என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. இதை மாமியாரிடமும் வந்து சொல்லச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.