குழந்தையின் இரண்டு நொடி அசைவும் தூரத்து மருத்துவரும்

தூங்கி எழுந்த ஐந்து மாதக் குழந்தை. சட்டென்று தலை முன்னால் குனிகிறது, இரண்டு கைகளும் விரிந்து எழுகின்றன. ஒன்றிரண்டு நொடிதான், உடனே பழையபடி ஆகிவிடுகிறது. கொஞ்சம் விட்டு மறுபடியும் அதே அசைவு. வயிற்று வலியாக இருக்கும், தூக்கத்தில் திடுக்கிட்டிருக்கும் என்று வீட்டில் நினைப்பார்கள். மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனால் அங்கே குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும்.

இது 'இன்ஃபன்டைல் ஸ்பாசம்' என்கிற வலிப்பாக இருக்கலாம். பெரும்பாலும் முதல் வயது முடிவதற்குள், அதிலும் 4 முதல் 7 மாதத்துக்குள் தொடங்கும். கைகால் வெட்டி இழுக்காததால் இதை வலிப்பு என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் சிகிச்சை தாமதமாகத் தாமதமாக மூளை வளர்ச்சி பாதிக்கப்படும் அபாயம் கூடுகிறது. தொலைமருத்துவம் மிகப் பெரிய உதவியாக இருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று என்பேன்.

1841-இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 'லான்செட்' மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். நோயாளி, அவர் பெற்ற மகன். நாலு மாதம் வரை நன்றாக இருந்த பிள்ளையின் தலை முன்பக்கமாகக் குனிந்து குனிந்து எழத் தொடங்கியதை விவரித்து, சக மருத்துவர்களிடம் வழி கேட்டிருந்தார். தூரத்தில் இருப்பவர்களிடம் ஆலோசனை கேட்ட அந்த அப்பாவிடம் எழுத்து மட்டும்தான் இருந்தது. இன்று அதே அசைவை அப்படியே படம்பிடித்து அனுப்ப முடிகிறது.

ஆனால் நேரலை வீடியோ அழைப்பில் இதைப் பிடிப்பது கடினம். மருத்துவர் பார்க்கும் பத்து நிமிடத்தில் அசைவு வர வேண்டுமே! வந்தாலும், இணைப்பு பலவீனமாக இருந்தால் படம் நடுநடுவே உறைந்துபோகும். இரண்டு நொடி அசைவு அந்த இடைவெளியில் விழுந்தால் போச்சு. போனில் பதிவு செய்த வீடியோவில் வழக்கமாக நொடிக்கு 30 படங்கள் இருக்கும். இணைய வேகம் குறைந்தால் போய்ச்சேர நேரமாகுமே தவிர, அசைவு விட்டுப்போகாது. மருத்துவர் அதை மெதுவாக ஓட்டி, எந்தக் கை முதலில் எழுகிறது, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

எடுப்பவர் கொஞ்சம் கவனிக்க வேண்டும். விளக்கைப் போட்டு, போர்வையை விலக்கி, தலை முதல் கால் வரை படத்தில் வரும்படி பிடிக்க வேண்டும். முதல் அசைவோடு நிறுத்திவிடாமல் சில நிமிடம் ஓட விட வேண்டும். இந்த அசைவுகள் வரிசையாக வருவதே முக்கியமான அடையாளம். நடுவில் ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டு, குழந்தை திரும்பிப் பார்க்கிறதா என்பதையும் பதிவு செய்வது நல்லது. அப்புறம், தூங்கி எழுந்து எவ்வளவு நேரத்தில் தொடங்கியது என்பதையும் குறித்து வையுங்கள்.

சரி, எல்லா நோய்க்கும் கேமரா போதுமா? போதாது. வயிற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது. இதய முணுமுணுப்பு, அதாவது இதயத் துடிப்போடு சேர்ந்து கேட்கும் கூடுதல் ஒலி, இன்னும் சிக்கல். வீடியோ அழைப்புச் செயலிகள் பேச்சுக் குரலுக்காக அமைக்கப்பட்டவை. தாழ்ந்த இதய ஒலியை இரைச்சல் என்று வடிகட்டிவிடும். அதனால் தூரத்து இதய மருத்துவர் கேட்க வேண்டுமானால், குழந்தையின் பக்கத்தில் ஒரு செவிலியர் டிஜிட்டல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, அந்த ஒலியைத் தனியாக அனுப்ப வேண்டும்.

வலிப்பிலும் வீடியோ சந்தேகத்தைத்தான் எழுப்பும். உறுதி செய்ய மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி வேண்டும். தூக்கத்திலும் விழித்தெழும்போதும் பதிவு செய்தால்தான் நன்றாகத் தெரியும். அதற்கு நேரில்தான் போக வேண்டும், அதுவும் சீக்கிரமாக. மூச்சுத் திணறினாலோ, உதடு நீலமானாலோ, வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ வீடியோவை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், அப்போதே குழந்தையை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.