பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் நெட் வரவில்லை

லேன் கேபிளைச் செருகியதும் போர்ட்டின் ஓரத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். எரிந்தால் எல்லாம் சரி, எரியாவிட்டால் கேபிள் போச்சு என்பதுதான் பலருடைய கணக்கு. நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் என்னிடம் கேட்டதும் இதைத்தான்: "லைட்டு எரியுதுல்லா மக்களே, பின்ன நெட் வராம எங்க போவும்?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த விளக்குக்கு இணையத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் உள்ள எண்) தெரியாது, நம்மை இணையத்தோடு இணைக்கும் ரவுட்டர் உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியாது. கேபிளின் மறுமுனையில் பேசத் தயாராக ஒரு சில்லு இருக்கிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

கேபிள் செருகாதபோதுகூட கணினியின் நெட்வொர்க் சில்லு சும்மா இருப்பதில்லை. ஏறக்குறைய 16 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒரு கொத்துத் துடிப்புகளை அனுப்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு கொத்தில் அதிகபட்சம் 33 துடிப்புகள். அவற்றில் 17 தாளம் காட்டுபவை. இடையிலுள்ள 16 இடங்களில் துடிப்பு இருக்கிறதா, இல்லையா என்பதுதான் செய்தி: எனக்கு இன்னின்ன வேகம் தெரியும், ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியும் என்று. மறுமுனையில் இருக்கும் ஸ்விட்சும் (பல கணினிகளின் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) அதேபோல் அனுப்பும். இரண்டுக்கும் பொதுவான உச்ச வேகம் முடிவானதும் விளக்கு எரியும். 1995-இல் தரமாக்கப்பட்ட ஏற்பாடு இது. விண்டோஸுக்கு இதில் பெரிய பங்கில்லை. விண்டோஸ் பழுதாகித் திரை கறுத்துக் கிடந்தாலும் விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருக்கும்.

விளக்கு எரியவே இல்லை என்றால் வேலை சுலபம். வேலை செய்வதாக உறுதியாகத் தெரிந்த ஒரு கேபிளைப் போட்டுப் பார்க்க வேண்டும், அப்போதும் எரியாவிட்டால் வேலை செய்வதாகத் தெரிந்த ஒரு போர்ட்டில் செருகிப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். கேபிள், போர்ட், டிரைவர் (நெட்வொர்க் சில்லை இயக்கும் மென்பொருள்) என்று மூன்றையும் ஒரேயடியாக மாற்றினால் நெட் வந்துவிடலாம், ஆனால் எது கெட்டிருந்தது என்று கடைசிவரை தெரியாது. கெட்ட கேபிள் நல்ல கேபிள்களோடு சேர்ந்து பெட்டிக்குள் போய்விடும்.

நம் குமரி மாவட்டத்தில் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் கேபிள் முனையிலுள்ள ஒரு பழைய கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டுப் பற்கள் தெரியும். அவற்றின்மேல் இருப்பது மெல்லிய தங்க முலாம். முலாம் தேய்ந்த இடத்தில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து மங்கலான படலம் ஒன்று பிடித்திருக்கும். உள்ளே செம்புக் கம்பி பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். மலிவு கேபிள் என்றால் இன்னும் மோசம். அதில் கம்பி முழுக்கச் செம்பு கிடையாது, அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது. இரண்டு உலோகங்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். வெட்டிய முனையில் வெள்ளைப் பொடியாகக் காணலாம். சுருளை விலை பேசும்போது முனையைக் கத்தியால் சுரண்டிப் பார்ப்பது நல்லது. உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். அதை நான் வாங்கமாட்டேன்.

இன்னொரு எதிரி இடி. ஏப்ரல், மே மாத மழையிலும் ஐப்பசி மழையிலும் இங்கே மின்னல் அதிகம். வீட்டிலிருந்து பின்னாலுள்ள கடைக்குத் தென்னைமரம் வழியாகக் கேபிள் இழுத்திருந்தால், மின்னல் அதன்மேல் விழ வேண்டும் என்றில்லை, பக்கத்தில் விழுந்தாலே போதும், கம்பியில் மின்னழுத்தம் எகிறும். ஒவ்வொரு போர்ட்டுக்குள்ளும் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் நின்று ஓரளவு தடுக்கும். அதையும் தாண்டினால் பல நேரம் அந்த ஒரு போர்ட் மட்டும் செத்துவிடும், மற்றவை வேலை செய்யும். கட்டடம் விட்டுக் கட்டடம் போக ஃபைபர்தான் சரி. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.

சரி, விளக்கு எரிகிறது, ஆனால் கோப்பு ஒன்றை நகலெடுத்தால் ஆமை வேகம். இங்கேதான் கம்பிகள் முனைக்கு முனை சேர்ந்திருக்கிறதா என்று காட்டும் எட்டு விளக்கு டெஸ்டரும் நம்மைக் கைவிடும். லேன் கேபிளில் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் கயிறு திரித்ததுபோல் முறுக்கப்பட்டிருக்கும். ஒரு கம்பியில் ஏற்றமாகப் போகும் சமிக்ஞை, அதன் ஜோடியில் இறக்கமாகப் போகும். மறுமுனை பார்ப்பது இரண்டுக்குமான வித்தியாசத்தை மட்டும். பக்கத்தில் ஓடும் மின்விசிறியின் மின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறுவதால் வித்தியாசத்தில் அது காணாமல் போகிறது. இது பலிக்க வேண்டுமென்றால் ஜோடி பிரியக்கூடாது. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன் என்ற வரிசையில் பச்சை ஜோடி 3, 6-ஆம் இடங்களில் விலகி நிற்பதைக் கவனியுங்கள். புதிதாகக் கிரிம்ப் செய்பவர்கள் (கம்பிகளைக் கனெக்டரில் அழுத்திப் பொருத்துபவர்கள்), அழகாக இருக்கட்டும் என்று பச்சை இரண்டையும் 3, 4-இல் சேர்த்து வைத்துவிடுவார்கள். இரண்டு முனையிலும் அப்படியே செய்தால் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் 3, 6 என்ற சமிக்ஞை இப்போது இரண்டு வேறு முறுக்குகளில் ஓடுகிறது. இரைச்சல் கழியாது, தரவு சிதையும். கேபிள் குட்டை என்றால் ஓடிவிடும், நீளம் கூடக்கூட இழுக்கும்.

வேகம் 1000-க்குப் பதில் 100 (எம்.பி.பி.எஸ். கணக்கில்) என்று காட்டினால் நீல ஜோடியையோ பிரவுன் ஜோடியையோ சந்தேகியுங்கள். 100 வேகத்துக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும், 1000-க்கு நான்கு ஜோடியும் வேண்டும். வேடிக்கை என்னவென்றால் மேலே சொன்ன பேச்சுவார்த்தை நடப்பது ஆரஞ்சு, பச்சை ஜோடிகளில் மட்டும். நீலம் அறுந்ததை அறியாமல் இரண்டு பக்கமும் 1000 என்று ஒப்புக்கொள்ளும், பிறகு தோற்கும். சில சில்லுகள் தாமே 100-க்கு இறங்கிவரும். மற்றவற்றில் விளக்கு எரிந்து அணைந்து எரிந்துகொண்டிருக்கும்.

எங்கே அறுந்தது என்று கேட்டால், விலை கூடிய ஸ்விட்ச்கள் சிலவற்றால் அதையும் சொல்ல முடியும். ஒரு துடிப்பை அனுப்பி, அறுந்த முனையில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும். கேபிளில் சமிக்ஞை ஒரு நானோ விநாடிக்குச் சுமார் 20 செ.மீ. ஓடும். 400 நானோ விநாடியில் திரும்பினால் 40 மீட்டரில் எலி கடித்திருக்கிறது.

கம்பி சுத்தம் என்றான பிறகு முகவரிக்கு வரலாம். கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) போட்டால் 169.254 என்று தொடங்கும் முகவரி வருகிறதா? அப்படியென்றால் கணினி முகவரி கேட்டுக் கூவியிருக்கிறது, யாரும் பதில் தரவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது. கல்லூரி, வங்கி போன்ற இடங்களின் ஸ்விட்ச்களில் இதற்கு ஒரு விசித்திரக் காரணமும் உண்டு. புதிதாகச் செருகிய கேபிள் வலையமைப்பில் வளையம் உண்டாக்குகிறதா என்று பார்க்க, பழைய முறையில் போர்ட் 30 விநாடி தரவை விடாது. விளக்கு எரியும், வழி திறக்காது. பொறுமையிழந்து கேபிளைப் பிடுங்கிச் செருகினால் அந்த 30 விநாடி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். கேபிளைத் தொடாமல், முகவரியை மறுபடி கேட்க வைக்கும் ஐபிகான்ஃபிக் ரினியூ (ipconfig /renew) கொடுப்பதே மேல்.

கடைகளில் இருக்கும் மலிவு ஸ்விட்சில் பெரும்பாலும் இந்தக் காவல் கிடையாது. கிடக்கிற கேபிள் முனையை யாரோ நல்லெண்ணத்தில் அதே ஸ்விட்சில் செருகிவிட்டால், எல்லோருக்குமாக அனுப்பப்பட்ட ஒரு செய்தி வளையத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகும். எல்லா விளக்கும் ஒன்றுபோல் வெறிபிடித்துச் சிமிட்டும். அப்போது யாருக்கும் நெட் இருக்காது.

கடைசியாகப் பிங் (ping), அதாவது இன்னொரு கணினியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. பலர் பக்கத்துக் கணினிக்குப் பிங் அடித்து, பதில் இல்லை என்றதும் ஸ்விட்சைத் திட்டுவார்கள். வெளியிலிருந்து வரும் அழைப்புகளைத் தடுக்கும் விண்டோஸின் ஃபயர்வால் பல நேரம் பிங்குக்குப் பதில் தராது, ஆகவே முதலில் ரவுட்டருக்கு அடியுங்கள். பக்கத்துக் கணினியைத்தான் சோதிக்க வேண்டும் என்றால், பிங் தோற்ற கையோடு ஆர்ப் -ஏ (arp -a) என்ற கட்டளையைக் கொடுத்துப் பட்டியலைப் பாருங்கள். அந்த ஐ.பி.க்கு நேரே மேக் முகவரி (நெட்வொர்க் சில்லுக்கே உரிய எண்) புதிதாக வந்திருந்தால், அந்தக் கணினி இப்போதுதான் பதில் சொல்லியிருக்கிறது. கேபிளும் ஸ்விட்சும் ஒழுங்கு, தடுப்பது ஃபயர்வால்.